பொய்யைப் பற்றிச் செய்தி எழுதுவது எப்படி? நிருபர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2023 மார்ச் முதல் வாரம், திருப்பூர் ரயில் நிலையம். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பிகார் இளைஞர் தன் போனை என்னிடம் நீட்டினார். நடுரோட்டில் ஒருவரை வெட்டிச் சாய்க்கும் வீடியோ. தமிழ்நாட்டில் இந்தி பேசுகிறவர்களை இப்படித்தான் கொல்கிறார்கள் என்று கீழே எழுதியிருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து ஊரில் அவருடைய அம்மா சரியாகச் சாப்பிடவில்லையாம். "எனக்கு ஒண்ணும் ஆகலைண்ணா. இங்க யாரும் ஒண்ணும் பண்ணலை. ஆனா அம்மாகிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டார், இங்கே வந்து கற்றுக்கொண்ட தமிழில்.

அந்த நாட்களில் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, ராஜஸ்தானின் ஜோத்பூரில் பிப்ரவரியில் ஒரு வழக்கறிஞர் கொல்லப்பட்டது. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். மற்றொன்று திருப்பூரில் பிகார் தொழிலாளர்களே இரு பிரிவாக அடித்துக்கொண்டது. அன்றைய தமிழக டிஜிபி சைலேந்திர பாபு வெளிப்படையாக மறுத்தார். அதற்குள் பிகார் சட்டமன்றத்தில் அமளி நடந்து, அந்த மாநில அரசு இங்கே ஓர் அதிகாரிகள் குழுவை அனுப்பும் அளவுக்கு விஷயம் போய்விட்டது.

பொய்யைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அதைப் பற்றி எழுதும்போது நாமே அதைப் பரப்பிவிடாமல் இருப்பது மீதிப் பாதி. நம் டெஸ்குகளில் முதல் பாதிக்கு இப்போது நிறையப் பயிற்சி கிடைக்கிறது. இரண்டாம் பாதியில்தான் தினமும் சறுக்குகிறோம். அதனால் இந்த வழிகாட்டியில் அதற்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

படி 1: எழுத வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரு புரளி கண்ணில் பட்டதும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். இருநூறு பேர் பார்த்த ஒரு யூடியூப் வீடியோவை மறுத்து நீங்கள் எழுதினால், அதைக் கேள்விப்படாத இரண்டு லட்சம் பேருக்கு நீங்களே கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள். அதைக் கிளப்பிவிட்டவர்கள் காத்திருப்பதும் அதற்குத்தான்.

நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். முதலாவது, புரளி பிறந்த வட்டத்தைத் தாண்டி வெளியே வந்துவிட்டதா? ஒரே கட்சிக்காரர்களின் குழுக்களுக்குள் மட்டும் சுற்றுகிறதா, அல்லது பெற்றோர் குழு, தெருக் குழு, சமையல் குழு வரைக்கும் வந்துவிட்டதா? இரண்டாவது, யாராவது அதை நம்பி ஏதாவது செய்துவிட்டார்களா, அல்லது செய்யப் போகிறார்களா? மூன்றாவது, அமைச்சர், எம்.எல்.ஏ., பெரிய பத்திரிகை போன்ற அதிகாரமுள்ள யாராவது அதை எடுத்துப் பேசிவிட்டார்களா? மூன்றில் ஒன்றுகூட இல்லையென்றால் எழுத வேண்டாம். குறித்து வைத்துக்கொண்டு கவனியுங்கள். 2023 விவகாரத்தில் மூன்றும் நடந்துவிட்டன. எழுதாமல் இருந்திருந்தால்தான் தப்பு.

படி 2: மறைவதற்குள் சேமியுங்கள்

பொய்யைப் போட்டவர் போலீஸ் பெயர் அடிபட்டதும் அழித்துவிடுவார். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது கணக்கின் பெயர், தேதி, நேரம், முகவரிப் பட்டி எல்லாம் தெரிய வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை யாரும் மாற்றிவிட முடியும் என்பதால் இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் பக்கத்தை ஏற்றிவிடுங்கள். வீடியோவைத் தனியாகத் தரவிறக்கி வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் இந்த வசதி இல்லை. அங்கே உங்களுக்குக் கிடைக்கும் ஒரே தடயம் அம்புக்குறி. ஒற்றை அம்பு என்றால் சும்மா ஃபார்வர்டு. இரட்டை அம்பு என்றால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. தகவல் தந்தவரிடம் "இது உங்களுக்கு எந்தக் குழுவில், எத்தனை மணிக்கு வந்தது?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் எங்கே, எப்போது எடுத்தது என்ற உள்விவரம் உரிந்துபோயிருக்கும். தானே எடுத்த படம் என்று யாராவது சொன்னால், அதை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

படி 3: சரிபாருங்கள்

தமிழில் அதிகம் ஏமாற்றுவது போலி நியூஸ் கார்டுதான். பெரிய சேனலின் லோகோ, தலைவர் படம், மேற்கோள் குறிக்குள் அவர் சொல்லாத ஒரு வாக்கியம். முதலில் அந்தச் சேனலின் பக்கத்தில் அதே தேதியில் அந்தக் கார்டு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அன்று அவர்கள் போட்ட வேறொரு கார்டை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். எழுத்துரு, தேதி எழுதும் முறை, ஒற்றெழுத்து, வரிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி, இவற்றில் எங்காவது பிசகியிருக்கும். கடைசியாகச் சேனலில் ஒருவருக்குப் போன் செய்யுங்கள். அதைச் செய்யாமல் 'போலி' என்று எழுதாதீர்கள். உண்மையாகவே போட்டுவிட்டுப் பிறகு நீக்கிய கார்டுகளும் உண்டு.

வீடியோ என்றால் அதைச் சில படங்களாக உடைத்து, கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ் என்ற படத் தேடல் கருவிகள் இரண்டிலும் தேடுங்கள். ஒன்றில் கிடைக்காதது மற்றதில் கிடைக்கும். உடைப்பதற்கு இன்விட் என்ற உலாவி நீட்சி போதும். தமிழில் மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். இந்தி, வங்காளம், தெலுங்கு என்று அந்தச் சம்பவத்துக்கான சொற்களை நண்பர்களிடம் கேட்டு வாங்கித் தேடுங்கள்.

படத்துக்குள் இருப்பதை நிதானமாகப் படிக்கவும் பழக வேண்டும். வண்டியின் நம்பர் பிளேட் ஒரு மேப் மாதிரி. டி.என். 39, டி.என். 42 என்றால் திருப்பூர், ஆர்.ஜே. 19 என்றால் ஜோத்பூர், பி.ஆர். 01 என்றால் பாட்னா. ஒரே ஒரு வெளிமாநில வண்டி எதையும் நிரூபிக்காது. பின்னால் நிற்கும் பத்து வண்டியும் ஒரே மாநிலம் என்றால் அது பேசும். கடைப் பலகையில் ஜி.எஸ்.டி. எண் தெரிகிறதா என்று பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும்: 33 தமிழ்நாடு, 10 பிகார், 08 ராஜஸ்தான். சத்தத்தைக் கூட்டி வைத்துப் பின்னணிப் பேச்சைக் கேளுங்கள். அலறுகிற கூட்டம் எந்த மொழியில் அலறுகிறது? வீடியோவை மியூட் செய்து பாட்டுப் போட்டிருந்தால், ஏன் போட்டார்கள் என்று யோசியுங்கள்.

உண்மையான படமும் பொய் சொல்லும். அந்த மார்ச்சில் திருப்பூர் நிலையத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. நானே படம் எடுத்தேன். 'உயிருக்குப் பயந்து ஓட்டம்' என்று ஒரு வரி போட்டால் அன்றைய பெரிய செய்தி அதுதான். ஆனால் மார்ச் 8 ஹோலி. ஒவ்வொரு வருடமும் ஹோலி வாரத்தில் அந்த நடைமேடையில் நிற்க இடமிருக்காது. வரிசையில் நின்றவர்களிடம் ஒருவர் ஒருவராகக் கேட்டேன். பலர் பண்டிகைக்குப் போனார்கள், முன்பே டிக்கெட் எடுத்தவர்கள். சிலர் வீட்டில் அழுததால் முன்னதாகவே கிளம்பியவர்கள். எழுதும்போது இரண்டு தரப்பையும் எழுதினேன். படத்தை மட்டும் போட்டிருந்தால், அந்தப் பொய்க்கு நான் எடுத்த படமே சாட்சியாகியிருக்கும்.

ஏ.ஐ. குரல், ஏ.ஐ. படம் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் கண்டறியும் கருவிகள் சொல்லும் சதவீதத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். 2023 ஏப்ரலில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பேசியது என்று ஆடியோக்கள் வெளியாயின. அவர் புனையப்பட்டவை என்று மறுத்தார். இப்படி வரும்போது, மூல ஃபைல் கிடைத்ததா, யார் வெளியிட்டார், யார் என்ன சொன்னார் என்பதைத் தாண்டி டெஸ்கில் உட்கார்ந்து முடிவு கட்ட நமக்கு உரிமை இல்லை. பொய்யை உண்மை என்று நம்பவைப்பது சுலபமாகிவிட்ட காலத்தில், உண்மையையும் 'ஏ.ஐ.' என்று சொல்லித் தப்பிப்பது அதே அளவுக்குச் சுலபமாகிவிட்டது.

படி 4: யார் பரப்பினார், யாருக்கு லாபம்

முதலில் போட்டவரைத் தேடி நாட்களைக் கழிக்காதீர்கள், பெரும்பாலும் கிடைக்க மாட்டார். பொய்யைச் சின்ன வட்டத்திலிருந்து தூக்கிப் பெரிய மேடையில் வைத்தவர் யார் என்று பாருங்கள். அவர் பெரும்பாலும் பெயரும் பொறுப்பும் உள்ளவராக இருப்பார். 2023 விவகாரத்தில் ஒரு கட்சியின் செய்தித் தொடர்பாளர் போட்ட ட்வீட்டுக்காக உச்ச நீதிமன்றம் அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னது. பத்திரிகைகள்மீதும் வழக்குப் பதிவானது.

ஃபேஸ்புக் பக்கமென்றால் அதன் வெளிப்படைத்தன்மைப் பகுதியைத் திறங்கள். பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, எத்தனை முறை பெயர் மாறியது, எந்த நாட்டிலிருந்து நடத்துகிறார்கள் என்பது அங்கே இருக்கும். கோயில் பக்கமாகத் தொடங்கி, சினிமாப் பக்கமாகி, தேர்தலுக்கு முன் அரசியல் பக்கமானது என்றால், உங்கள் செய்தி அதுதான். யூடியூப் என்றால் வீடியோவுக்கு விளம்பரம் வருகிறதா என்று பாருங்கள்.

சொற்களில் கவனம். தெரியாமல் பகிரும் தவறான தகவல் வேறு, தெரிந்தே கிளப்பும் பொய் வேறு, உண்மையையே ஒருவரைக் காயப்படுத்த எடுத்துப் போடுவது வேறு. பேரனைப் பற்றிய பயத்தில் ஃபார்வர்டு செய்த பாட்டியை 'வதந்தி பரப்பியவர்' என்று எழுதாதீர்கள். 'திட்டமிட்டு' என்ற சொல்லை எழுதினால் திட்டத்துக்கு ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

படி 5: மனிதர்களிடம் போங்கள்

போனிலேயே முடித்துவிடும் செய்தி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பாதிதான்.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. குலதெய்வக் கோயிலைத் தேடி வந்தவர்கள். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். ஊருக்குள் அப்போது பிள்ளை பிடிக்கும் கும்பல் பற்றிய வாட்ஸ்அப் செய்திகள் சுற்றிக்கொண்டிருந்தன. கூட்டம் கூடியது. 65 வயதுப் பெண் ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். அந்த ஆண்டு நாடு முழுவதும் இப்படிச் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக நடித்து எடுத்தது. குழந்தையைத் திருப்பி ஒப்படைத்து அறிவுரை சொல்லும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் இந்தியாவில் ஃபார்வர்டை ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு என்று வாட்ஸ்அப் சுருக்கியது. கொலைகள் நடந்த பிறகுதான்.

இலங்கையில் அதே ஆண்டு பிப்ரவரியில் அம்பாறை நகரில் நடந்ததை மொழி தெரிந்த நாம் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பாட்டில் ஏதோ கட்டி இருப்பதாக ஒரு வாடிக்கையாளர் சத்தம் போட்டார். அது சிங்களவருக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யும் கருத்தடை மாத்திரை என்றார்கள். காசு மேசையில் இருந்தவர் தமிழ் பேசுகிறவர், சிங்களம் அரைகுறை. சுற்றி நின்றவர்கள் மிரட்டிக் கேட்டபோது, கேள்வி முழுதாகப் புரியாமலே ஒப்புக்கொள்வது போல் பதில் சொன்னார். அதைப் படம் பிடித்துப் பரப்பினார்கள். கடை அடித்து நொறுக்கப்பட்டது. அரசுப் பகுப்பாய்வாளர் பிறகு சோதித்தபோது அது மாவுக்கட்டி. அடுத்த வாரம் கண்டி மாவட்டம் திகணையில் வேறொரு சம்பவத்தை அடுத்து முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. மார்ச் 6 அன்று அவசரநிலை அறிவிக்கப்பட்டது, மறுநாள் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக ஃபேஸ்புக் 2020-இல் வருத்தம் தெரிவித்தது. 'அவரே வீடியோவில் ஒப்புக்கொண்டாரே' என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அந்த மனிதர் எனக்கு நினைவுக்கு வருவார். எந்த மொழியில் கேட்டார்கள், அவருக்கு அது புரிந்ததா, எத்தனை பேர் சூழ்ந்து நின்றார்கள் என்று கேட்காமல் ஒரு வீடியோ ஒப்புதலை நான் எழுதுவதில்லை.

நம்பியவர்களிடம் பேசும்போது வாதாடாதீர்கள். "இதையா நம்பினீங்க?" என்று கேட்டால் அத்தோடு பேட்டி முடிந்தது. "உங்களுக்கு இதை யார் அனுப்பினாங்க? பார்த்ததும் என்ன தோணுச்சு? அப்புறம் என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அனுப்பியவர் அவர்கள் மதிக்கும் ஒருவராக இருப்பார்: டீச்சர், மருந்துக்கடைக்காரர், மச்சான்.

படி 6: சதிக் கோட்பாடுகளுக்குத் தனிக் கவனம்

புரளி ஒரு சம்பவத்தைப் பற்றியது. சதிக் கோட்பாடு எல்லாச் சம்பவங்களையும் ஒரே கயிற்றில் கோப்பது. அதற்குள் பெரும்பாலும் இரண்டு உண்மை இருக்கும், நடுவில் இழுத்த கோடுதான் பொய்யாக இருக்கும்.

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மயங்கி விழுந்தார். 17-ஆம் தேதி இறந்தார். மூன்று வரியும் உண்மை. மூன்றையும் அடுக்கி எழுதினால், 'அதனால்' என்று நீங்கள் எழுதாவிட்டாலும் படிப்பவர் மனதில் அது எழுதப்பட்டுவிடும். மருத்துவமனை இதய ரத்தக்குழாய் அடைப்பு என்றது. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு, இறப்புக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று சொன்னபோது அக்டோபர் ஆகிவிட்டது. இடையில் ஆறு மாதம். அந்த இடைவெளியில்தான் பயம் வேர் பிடித்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் நம் வேலை, காத்திருப்பின் காரணத்தை விளக்குவது. தடுப்பூசிக்குப் பிறகு ஒருவர் இறந்தால் அதை ஏன் தனியாக ஆராய்கிறார்கள், எந்தப் பதிவேடுகளைப் பார்க்கிறார்கள், ஏன் நாளாகிறது என்று எழுதுங்கள். முடிவு வந்ததும், மரணச் செய்தியை எந்த அளவில் போட்டீர்களோ அதே அளவில் போடுங்கள். மரணம் முதல் பக்கத்திலும் முடிவு ஏழாம் பக்கத்திலும் வந்தால், முடிவு வந்ததே பலருக்குத் தெரியாமல் போய்விடும்.

நம்புகிறவர்களைக் கேலி செய்யாதீர்கள். உண்மையான சதிகளும் மறைப்புகளும் உலகத்தில் உண்டு. அவற்றை வெளிக்கொண்டுவருவதும் நம் தொழில்தான். வித்தியாசம் காட்ட ஒரு கேள்வி உதவும்: "எந்த ஆதாரம் வந்தால் இது சரியில்லை என்று ஒத்துக்கொள்வீங்க?" ஆய்வாளர் ஒரு பதில் சொல்வார். சதிக் கோட்பாட்டில் முழுசாக இறங்கியவரால் சொல்ல முடியாது, எந்த ஆதாரமும் அவருக்குச் சதியின் இன்னொரு பகுதியாகவே தெரியும். 2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது பெற்றோர் பலர் மறுத்தார்கள், முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அவர்கள் மூடநம்பிக்கைக்காரர்கள் இல்லை. வாட்ஸ்அப்பில் பதில் இருந்தது, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சீட்டில் பதில் இல்லை.

படி 7: எழுதுவது

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும், ஏனென்றால் தமிழுக்கென்றே சில பள்ளங்கள் இருக்கின்றன.

நம் மொழியில் மறுப்பு கடைசியில் வரும். 'திருப்பூரில் பிகார் தொழிலாளர்கள் வெட்டிக் கொலை என்று பரவும் வீடியோ பொய்யானது' என்று தலைப்பு வைத்தால், இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் போனின் பூட்டுத் திரையில் தலைப்பு பாதியில் நறுக்கப்படும். 'திருப்பூரில் பிகார் தொழிலாளர்கள் வெட்டிக் கொலை...' என்பதோடு நின்றுவிடும். மறுக்க வந்த செய்தியே பொய்யைச் சொல்லிவிட்டது. முழுத் தலைப்பும் தெரிந்தால்கூட, படிப்பவர் பொய்யை முழுக்க மனக்கண்ணில் பார்த்த பிறகுதான் மறுப்புக்கு வருகிறார்.

உண்மையை முதலில் வையுங்கள்: 'ஜோத்பூர் கொலை வீடியோவைத் திருப்பூர் என்று பரப்பினர்'. முதல் சொல்லே ஜோத்பூர். எங்கே வெட்டினாலும் பொய் நிற்காது. தலைப்பு வைத்த பிறகு முதல் நான்கு சொற்களை மட்டும் தனியாகப் படித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்விக்குறித் தலைப்பு வேண்டாம். 'தடுப்பூசியால் இறந்தாரா?' என்று கேட்டால், கேட்டவருக்கே சந்தேகம் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அடுத்தது 'ஆம்' விகுதி. 'தாக்கப்பட்டனராம்', 'மிரட்டினார்களாம்'. 'எனக் கூறப்படுகிறது', 'எனத் தகவல்' ஆகியவையும் அதே ஜாதி. யார் கூறினார்? பெயர் போட முடியுமென்றால் போடுங்கள், முடியாவிட்டால் அந்த வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள். செயப்பாட்டுவினைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வரும் பொய்தான் நம் பத்திரிகைகளில் அதிகம்.

செய்தியின் உடலில் உண்மையில் தொடங்குங்கள், பொய்யை ஒரே ஒரு முறை, சுருக்கமாக, மசாலா இல்லாமல் சொல்லுங்கள், மறுபடி உண்மைக்கு வாருங்கள். பொய்யின் வாசகத்தை அப்படியே மேற்கோள் காட்டாதீர்கள், ஹேஷ்டேக்கைத் தராதீர்கள், இணைப்பைத் தராதீர்கள். படம் போட்டே ஆக வேண்டுமென்றால் நடுவில் குறுக்கே 'பொய்' என்று பெரிதாக அடியுங்கள். மூலையில் சின்ன முத்திரை வைத்தால் வெட்டிவிட்டு மறுபடி சுற்றவிடுவார்கள். வன்முறை வீடியோவின் காட்சியைத் தம்ப்நெயிலாக வைக்கவே வைக்காதீர்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதைப் படிப்படியாகச் சொல்லுங்கள், அடுத்த முறை வாசகர் தானே பார்த்துக்கொள்வார்.

படி 8: வெளியிடும் முன்

பரப்பியவரின் பதிலைக் கேட்டு வாங்குங்கள். போலீஸ் மறுப்பு ஓர் ஆதாரம், முடிவல்ல. தமிழக அரசு 2023-இல் தகவல் சரிபார்ப்பகம் தொடங்கியது. அது அரசின் தரப்பு என்பதை மறக்காமல் பயன்படுத்துங்கள். மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளுக்குத் தானே நீதிபதியாக அமைக்க முயன்ற சரிபார்ப்புப் பிரிவுக்கான விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இலங்கையில் எழுதுகிறவர்கள் 2024-இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை (ஆன்லைன் பாதுகாப்புச் சட்டம்) ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். வன்முறை வீடியோவைச் சத்தமில்லாமல், சின்ன ஜன்னலில், பகலில் பாருங்கள். கணக்குகளுக்கு இரண்டடுக்குப் பாதுகாப்புப் போடுங்கள். பெண் நிருபர்களின் பெயர் வரும் செய்திக்கு வசவு வருமென்று முன்பே தெரியும். வந்த பிறகு அல்ல, வெளியிடும் முன்பே யார் கமென்ட்களைப் பார்ப்பது, யார் புகார் கொடுப்பது என்று டெஸ்க் முடிவு செய்ய வேண்டும்.

படி 9: பொய் வாழும் இடத்துக்கு உண்மையைக் கொண்டுபோங்கள்

செய்தி வெளியானதும் வேலை முடிவதில்லை. எந்த மொழியில், எந்த வடிவத்தில் பொய் சுற்றியதோ அந்த மொழியில், அந்த வடிவத்தில் உண்மை போக வேண்டும். வீடியோவாக வந்ததை ஆயிரம் சொல் கட்டுரை எட்டிப் பிடிக்காது. தமிழகப் போலீசும் அந்த மார்ச்சில் இந்தியில் விளக்கம் வெளியிட்டது.

ரயில் நிலையத்தில் பார்த்த அந்த இளைஞரிடம் நான் எழுதிய செய்தியைக் காட்டினேன். தமிழில் இருந்தது. அவர் பேசக் கற்றிருந்தார், படிக்கத் தெரியாது. அவர் அம்மாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. எங்கள் அலுவலகத்தில் இந்தி தெரிந்த ஒரு தோழியிடம் சொன்னேன். அந்த வீடியோ எந்த ஊர், எப்போது, எப்படிக் கண்டுபிடித்தோம் என்று நாற்பது விநாடியில் ஓர் ஆடியோ பேசிக் கொடுத்தார். அதை அவர் அங்கேயே, பிளாட்பாரத்தில் நின்றபடி, தன் ஊர்க் குழுவுக்கு அனுப்பினார். கூடவே பின்னால் நிலையப் பலகை தெரியும்படி, கையில் டீயோடு தன் படம் ஒன்றையும்.